168 மணி நேரம், மூன்று நர்ஸ்

ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிற வீடுகளுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி கண் விழித்தவர் பகலில் தூங்கியாக வேண்டும். தூங்கவிடாமல் மறுபடி தறியில் நிறுத்தினால் இழை அறுந்தது கண்ணில் படாது. இது இங்கே சின்னப் பையன்களுக்கும் தெரிந்த விஷயம். அதே வீட்டார் பிரசவ வலி கண்ட மகளை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, கதவைத் திறக்கிற சிஸ்டர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று கேட்பதில்லை. கேட்கத் தோன்றுகிற நேரமும் அல்ல அது.

கணக்கை நாம் போடலாம். தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் இடங்களாக மாறியபோது, ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது ஏற்பாடு. காலை, மதியம், இரவு என ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். பார்வைக்கு அழகான கணக்கு. ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 56. வார விடுமுறை இல்லை, காய்ச்சல் இல்லை, சொந்தத்தில் கல்யாணம் சாவு எதுவும் இல்லை என்றால்தான் அந்த 56. ஒருவர் லீவில் போனால் மற்ற இருவருக்கும் ஆளுக்கு 84. அந்த ஒருவர் மகப்பேறு விடுப்பில் போயிருந்தால்? 2021 ஜூலை முதல் அரசு ஊழியருக்கு அது 12 மாதம். வரவேற்க வேண்டிய ஆணைதான். ஆனால் அந்த ஒரு வருஷத்துக்கு மாற்று ஆள் வராத இடத்தில், தாய்க்குக் கிடைத்த ஓய்வு கூட வேலை செய்பவரின் தூக்கத்தில் கழித்துக்கொள்ளப்படுகிறது.

சுகாதாரப் பணியாளர்களின் மனநலம் என்று பேச்சு எழுந்தாலே யோகா வகுப்பு, மூச்சுப் பயிற்சி, 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று ஒரு மணி நேர உரை, பிறகு டீ, பிஸ்கட் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த உரையைக் கேட்க நைட் முடித்த நர்ஸும் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் இதில் கொடுமை. யோகாவில் குற்றமில்லை. நோய் ட்யூட்டி சார்ட்டில் இருக்கும்போது மருந்தை முதுகெலும்புக்குப் போடுகிறோம்.

அந்த இரவு ட்யூட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் லேபர் வார்டில் ஒரு நர்ஸ், துணைக்கு ஒரு பணியாளர். டாக்டர் போனில். வலியில் இருக்கும் தாய்க்கு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுத வேண்டும். வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ட்டோகிராஃபில் கோடு இழுக்க வேண்டும். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. அழாத குழந்தையைத் துடைத்து, உசுப்பி, தேவையானால் அம்பு பையால் மூச்சு ஊத வேண்டும். அதே நேரத்தில் தாய்க்கு ரத்தம் நிற்கிறதா என்று ஒரு கண். நிற்கவில்லை என்றால் வயிற்றின் மேல் கைவைத்துக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தபடியே டாக்டருக்கு போன், 108-க்கு போன், ரெஃபர் சீட்டு, டிரிப், ரத்த அதிர்ச்சியைத் தடுக்கும் உடுப்பைக் காலிலிருந்து சுற்றிக் கட்டுவது. இத்தனையும் சில நிமிஷங்களில். கைகள் இரண்டுதான். மேட்டூருக்கோ சேலத்துக்கோ வண்டி கிளம்பிய பிறகு, ரத்தம் தோய்ந்த தரையில் நின்றுகொண்டு ரிஜிஸ்டரை நிரப்ப வேண்டும். விடிந்ததும், கர்ப்பிணிகளையும் பிரசவங்களையும் பதியும் பிக்மி இணையதளத்தில் பதிவு.

வண்டி போய்ச் சேர்ந்ததா, அந்தப் பெண் பிழைத்தாளா என்று பல நேரம் தகவலே வராது. வந்தால் அது நல்ல தகவலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டி, படுத்தால் தூக்கம் வராது. நைட் ட்யூட்டி பார்க்கும் எந்த சிஸ்டரைக் கேட்டாலும் இந்த ஒன்றைத்தான் முதலில் சொல்வார்: உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும், கண் மட்டும் மூடாது.

தாய் இறந்துவிட்டால் அடுத்தது ஆடிட். ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் மாவட்ட ஆட்சியர் மட்டம் வரை விசாரித்து, எங்கே தாமதம் நேர்ந்தது என்று கண்டறியும் முறை அது. தமிழகத்தின் பெருமைகளில் ஒன்று. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2001-03ல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்த மாநிலத்தில், 2018-20ல் அந்த எண் 54 ஆக இறங்கியதில் இந்த ஆடிட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் பாடம் கற்பதற்காக வைத்த கூட்டம், ஆளைத் தேடும் கூட்டமாகிவிடுவதாக மருத்துவர் சங்கங்கள் பல தடவை முறையிட்டிருக்கின்றன. மேஜையின் ஒரு பக்கம் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் மூன்று ராத்திரி தூங்காத ஒரு நர்ஸ் என்றால் அங்கே உண்மை வெளிவராது. கேஸ் ஷீட்டைத்தான் வெளியே வைப்பார்கள்.

ராஜஸ்தான் மாநிலம் தௌசா மாவட்டத்தின் லால்சோட்டில் 2022 மார்ச்சில் நடந்ததை மகப்பேறு மருத்துவர்கள் இன்னும் மறக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். மருத்துவமனை முன்னால் மறியல். பிரசவம் பார்த்த டாக்டர் அர்ச்சனா சர்மா மீது போலீஸ் கொலை வழக்குப் பதிந்தது. மறுநாளே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவக் கவனக்குறைவு என்ற புகாரில் வேறொரு டாக்டரின் கருத்தைப் பெறாமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தீர்ப்பு ஸ்டேஷன் வாசற்படி வரை வருவதற்கு 17 வருஷம் போதவில்லை.

நோயாளிக்கு நேர்ந்த கேடு, சிகிச்சை தந்தவரையும் காயப்படுத்துகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தக் காயம்பட்டவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். இந்தப் பெயருக்கு எதிர்ப்பும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரின் துயரத்துக்குப் பக்கத்தில் டாக்டரின் துயரத்தை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒன்று அசைக்க முடியாதது. ஒரு சாவைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த நாளே வேறொரு பிரசவத்துக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கை நடுங்கினால் அது அவருடைய பிரச்சினை மட்டும் இல்லை.

மேட்டூரில் ஒரு நினைவிடம்

ஜலகண்டாபுரம் மேட்டூர் தாலுகாவைச் சேர்ந்த பேரூராட்சி. அந்த மேட்டூரில்தான் டாக்டர் லட்சுமி நரசிம்மனின் நினைவிடம் இருக்கிறது. அணை பார்க்கப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது. தமிழகத்தின் அரசு டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும்.

2019 அக்டோபர் கடைசியில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2009-ல் வந்த அரசாணை 354-ஐ மறுஆய்வு செய்து, பணி ஆண்டுகளுக்கேற்ற ஊதிய உயர்வைத் தர வேண்டும், பட்டமேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கான இடஒதுக்கீட்டைக் காக்க வேண்டும், நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப டாக்டர் பணியிடங்களை உயர்த்த வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள். ஒரு வாரம் நீடித்தது. அரசு கெடு விதித்தது. நவம்பர் முதல் தேதி வாபஸ் பெற்றார்கள். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். இடமாற்றம் தந்த மன உளைச்சல்தான் அவரைக் கொண்டுபோனது என்று உடன் போராடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு மாரடைப்புக்கு இதுதான் காரணம் என்று எந்த இதய நிபுணரும் எழுதித்தர மாட்டார். ஆனால் அதே பிப்ரவரிக் கடைசியில் அந்த இடமாற்ற ஆணைகளையெல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்பது ஏட்டில் இருக்கிற விஷயம். சில வாரம் முந்தியிருக்கலாம்.

ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூனில் சென்னைக்குப் பாதயாத்திரை என்று அரசு டாக்டர்கள் அறிவித்தபோது, புறப்படும் இடமாக மேட்டூர் நினைவிடத்தைத்தான் சொன்னார்கள். கோரிக்கை அதே 354. ஆட்சி மாறிவிட்டது, எண் மாறவில்லை.

இதை மனநலக் கட்டுரையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் தொழிற்சங்கச் சமாச்சாரம், மனநலம் டாக்டர் பார்க்க வேண்டிய சமாச்சாரம் என்று பிரித்து வைத்திருப்பதால்தான் இத்தனை நாள் எதுவும் நகரவில்லை. பணிச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தபோது அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று எழுதியது. அதாவது அது ஆளைப் பிடித்த கோளாறு இல்லை, அவர் வேலை செய்கிற இடத்தின் கோளாறு.

நர்ஸுகள் கதை இன்னும் மோசம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று பேச்சு. இரண்டு வருஷம் முடிந்து 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கொரோனா. ஊரே கதவடைத்துக்கொண்டபோது, ஆறு மாத ஒப்பந்தத்தில் 14,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட நர்ஸுகள் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு வார்டில் நின்றார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு ஒப்பந்த நீட்டிப்பு இல்லை என்று ஆணை வந்தது. புத்தாண்டின் முதல் வாரத்தில் அவர்கள் கூடிப் போராடிய ஊர் சேலம். வேறு திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு வேலை தருகிறோம் என்று அரசு சொன்னது, கூடுதல் சம்பளம் என்று சுட்டிக்காட்டியது. அந்தப் பெண்கள் கேட்டது கூடுதல் சம்பளத்தைவிடச் சின்ன விஷயம்: அடுத்த வருஷமும் இந்த வேலை இருக்குமா என்று தெரிய வேண்டும்.

ஒப்பந்த நர்ஸுகளுக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்ல வேண்டிவந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்துகிறவர்கள், தங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வழக்குப் போட்ட கதை அது.

ஐயாயிரம் பேருக்கு ஒருவர்

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் இருப்பவர்களையாவது கண்ணில் பார்க்கிறோம். நங்கவள்ளி ஒன்றியத்துக் கிராமங்களில் ஸ்கூட்டியில் போகும் கிராம சுகாதார செவிலியரை, 'நர்ஸம்மா வந்துட்டுப் போனாங்க' என்பதோடு விட்டுவிடுகிறோம். சமவெளியில் ஐந்தாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு அவர் ஒருவர். புதன்கிழமை தடுப்பூசி. கர்ப்பிணி ஒருவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப்பிடிப்பது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்ப்பது. இவை எல்லாவற்றையும் முதலில் நோட்டில், பிறகு போனில், பிறகு இணையதளத்தில் ஏற்றுவது. சர்வர் படுத்துவிட்டால் பகலில் செய்ய முடியாது, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சைட் திறக்கும். காலையில் மீட்டிங்கில் ஏன் நேற்றைய என்ட்ரி குறைகிறது என்று கேட்பார்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு மொபைலின் வெளிச்சத்தில் ஆதார் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பெண்களின் ராத்திரி எந்த ட்யூட்டி சார்ட்டிலும் ஏறாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2024-ல் ஐ.நா. விருது வாங்கியது. வீடுவீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர் பெண்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அதன் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்ற பெயருக்குள் லீவும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. விருது வாங்கிய மேடையில் பெருமைப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு. பத்துத் தெரு ஏறி இறங்கியவரின் முழங்கால் வலிக்கு மட்டும் தலைப்பு இல்லை.

108 வண்டியில் ஷிஃப்ட் 12 மணி நேரம். எட்டு மணி நேரம் ஆக்குங்கள் என்று அந்தத் தொழிலாளர்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகள் பக்கம் போனால் கேட்கவும் ஆளில்லை. சேலமும் நாமக்கல்லும் நர்சிங் ஹோம்கள் நிறைந்த ஊர்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. நம் பக்கத்தில் அந்தப் பரிந்துரையைச் சொல்லிச் சம்பளம் கேட்டால் சிரிப்பார்கள். படிப்புச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டால் பணம் கட்டு என்று சொல்லும் பழக்கத்தை இந்திய நர்சிங் கவுன்சில் 2011-லேயே கூடாது என்று சொன்னது. பீரோவுக்குள் சான்றிதழ் மாட்டிக்கொண்ட 22 வயதுப் பெண்ணிடம் மன அழுத்தம் பற்றி உரை நிகழ்த்துவது வீண் வேலை. பீரோ சாவியைக் கொடுத்தால் போதும்.

கத்தியும் கைப்பட்டையும்

2024 ஆகஸ்ட் 9. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், 36 மணி நேர ட்யூட்டிக்கு நடுவில் ஒரு பெண் டாக்டர் படுக்கப் போன இடம் செமினார் ஹால். ஓய்வறை என்று ஒன்று ஒழுங்காக இல்லாததால் அங்கே போனார். அங்கேயே கொல்லப்பட்டார். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜியை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். டாக்டர் பிழைத்துக்கொண்டார். அதன் பின் மெட்டல் டிடெக்டர், கூட இருப்பவருக்குக் கையில் கலர் பட்டை, கூடுதல் போலீஸ் என்று அறிவிப்புகள் வந்தன. ஆஸ்பத்திரிகளைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழகத்தில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் பேசுவதற்குத்தான். ஒரு ஓ.பி.யில் காலையில் நூறு பேரைப் பார்க்கிற டாக்டர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் உன் அம்மாவுக்கு இனி எதுவும் செய்ய முடியாது என்பதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாத வார்த்தை வெளியே வராந்தாவில் சந்தேகமாகி, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் போனாகி, கூட்டமாகித் திரும்பி வருகிறது. வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தும் காசில், உள்ளே நோயாளி வீட்டாரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு ஆளை நியமித்துப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன்.

ஊர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. உடன் வேலை பார்த்த டாக்டர் பிரதீப் குமார் ராத்திரியில் இரண்டு வார்டு ஊழியர்களோடு திரும்பிப் போய், தானே மண்வெட்டி பிடித்து மண் தள்ளினார். கைதட்டி நன்றி சொன்ன அடுத்த மாதமே, விளக்கேற்றிய அதே மாதத்தில் நடந்தது இது. அதற்குப் பிறகு 'கடவுள் மாதிரி நீங்க' என்று யாராவது சொன்னால், வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்கள். மனிதராக நடத்தினால் போதும் என்பது அவர்கள் கட்சி.

48 மணி நேரம் 74 ஆன கதை

இந்தத் தொழிலுக்குள் நுழையும்போதே பழக்கம் கெடுகிறது. பட்டமேற்படிப்பு டாக்டர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் ட்யூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-ல் சொன்னது. 32 வருஷம் கழித்து, 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. உரிமை 26 மணி நேரம் பின்வாங்கியிருக்கிறது. நடப்பு அதைவிட மோசம் என்பதால் 74-ஐயும் சலுகையாகப் பார்க்க வேண்டிய நிலை.

அந்தக் குழு நடத்திய ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன பட்டமேற்படிப்பு மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். இளநிலை மாணவர்களில் 16.2 சதவீதம். தானாக முன்வந்து பதில் சொன்னவர்கள் மட்டும்தான் இதில் இருக்கிறார்கள் என்று தள்ளுபடி போட்டுக்கொண்டாலும், நாளை நமக்கு ஊசி போடப்போகிற பிள்ளைகள் இவர்கள்.

தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் கல்லூரிக்குள் இருக்கும் மனநலத் துறையில் போய் அழுதால், நாளை தேர்வில் மார்க் போடப்போகிறவர் அந்த வராந்தாவில் நடந்து போவார். இந்தக் கூச்சத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது பிரிட்டன். டாக்டர்களுக்கென்றே, அவர்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் ரகசியமாகச் சிகிச்சை தரும் சேவையை 2008-ல் தொடங்கினார்கள். அமெரிக்காவில் கொரோனா முதல் அலையில் உயிரை மாய்த்துக்கொண்ட நியூயார்க் டாக்டர் லோர்னா பிரீனின் பெயரில் 2022-ல் ஒரு சட்டமே வந்தது. மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் தன் தொழிலே போய்விடும் என்று அவர் பயந்தார் என்கிறது குடும்பம்.

ஜலகண்டாபுரம் மாதிரி ஊரில் இந்தப் பயம் இன்னும் பெரிது. இங்கே ஒரு நர்ஸ் எந்த மெடிக்கல் ஷாப்பில் எந்த மாத்திரை வாங்கினாலும் மாலைக்குள் தெருவுக்குத் தெரியும். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆனால் அங்கே ஓ.பி. சீட்டுப் போடுகிறவரும் தெரிந்தவராகவே இருப்பார். ஆகவேதான் 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் எண் 14416 இவர்களுக்கு உபயோகம். தமிழில் பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்லை, காசில்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். நோயாளிகளுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுக்கிற கை, தனக்காக ஒருமுறை அழுத்தலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிற ராத்திரியில் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பெரிய ஆணைகள் வருகிறபோது வரட்டும். காலியிடங்களை நிரப்புவதும், வார்டில் விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் நர்ஸ் வேண்டும் என்ற நர்சிங் கவுன்சில் அளவுகோலை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவருவதும் கோட்டையில் நடக்க வேண்டிய வேலை. வட்டார மருத்துவ அலுவலர் ஒருவர் தன் கையெழுத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லேபர் வார்டில் ஒரு சாவு விழுந்தால், அன்று ட்யூட்டியில் இருந்த நர்ஸுக்கு அடுத்த இரண்டு ராத்திரி ட்யூட்டி போடாமல், பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவரை மாற்றி விடலாம். ஆடிட் கூட்டத்துக்கு முன்னால், சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, எழுத்தில் எதுவும் வாங்காமல், என்ன நடந்தது என்று ஒரு மூத்த சிஸ்டரிடம் சொல்லவிடலாம். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், சென்னைக்கு ஃபைலும் போக வேண்டாம். பக்கத்து நிலையத்தில் அப்படி அனுப்ப ஒரு ஆள் இருக்கிறாரா என்பது மட்டும்தான் கேள்வி.